கத்தரிக்கு சூடோமோனாஸ் ஊற்றியும் குருத்துப் புழு நிற்கவில்லை, எங்கே தவறு?

பெரம்பூர் மாடி | ஜூலை 8, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். பெரம்பூரில் வாடகை வீடு. வீட்டுக்காரர் அனுமதியோடு மொட்டை மாடியில் 34 பைகள் வைத்திருக்கிறேன். கத்தரி 8, தக்காளி 6, கொஞ்சம் வெண்டை, மீதி கீரையும் மிளகாயும். என் பெண்ணுக்கு நாலு வயது. மாடிக்கு வந்தால் தக்காளியைப் பறித்து, பாவாடையில் துடைத்து, அப்படியே வாயில் போட்டுக்கொள்வாள். அதனால் பூச்சி மருந்து எதுவும் வேண்டாம் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டோம்.

இந்த முறை கத்தரியில் நுனி சாய்கிறது. காலையில் தண்ணீர் ஊற்றப் போனால் குருத்து மட்டும் துவண்டு தொங்குகிறது. கீழ் இலைகள் எல்லாம் திடமாகத்தான் இருக்கின்றன. ஒரு குருத்தை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே தண்டு குழாய் மாதிரி வெற்றாக இருந்தது, ஈரமான கறுப்புத் துகள், அதற்கு நடுவே இளஞ்சிவப்பில் ஒரு புழு.

வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். "சூடோமோனாஸ் ஊற்றுங்க, வேர்ல நல்ல பாக்டீரியா வளரும், பூச்சியே வராது" என்றார்கள். அரை கிலோ வாங்கி லிட்டருக்கு 10 கிராம் கரைத்து எட்டுப் பைக்கும் ஊற்றினேன், இலைமேலும் தெளித்தேன். பதினைந்து நாள் ஆகிறது. நேற்றும் மூன்று குருத்து சாய்ந்துவிட்டது.

அப்புறம், ஒரு செடி மொத்தமாக வாடியதால் பிடுங்கிவிட்டேன். மண்ணுக்குள் விரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள், அரைவட்டமாகச் சுருண்டு, ஏழு கிடந்தன.

இன்னொரு கவலையும் இருக்கிறது. போன வருடம் மாமனார் ஐசியூவில் இருந்தபோது "சூடோமோனாஸ் இன்ஃபெக்‌ஷன்" என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. பாக்கெட்டில் அதே பெயர். குழந்தை இருக்கிற வீட்டில் இதை வைத்துக்கொள்ளலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொளத்தூர் கீரை | ஜூலை 8, இரவு 10:15

நானும் இரண்டு சீசன் ஊற்றிப் பார்த்து நிறுத்திவிட்டேன் மேடம். கத்தரிப் புழுவுக்கு அது வேலைக்கு ஆகாது. சாய்ந்த குருத்தை வெட்டிப் போடுங்கள். வேப்பெண்ணெயை மட்டும் வாரம் ஒரு தடவை விடாமல் அடியுங்கள்.

நங்கநல்லூர் நாற்றங்கால் | ஜூலை 9, காலை 6:05

தங்கச்சி, உங்கள் பதிவை நிதானமாகப் படித்தேன். உயிர் உரம் தயாரிக்கும் ஒரு கூடத்தில் 11 வருடம் வேலை பார்த்தவள் நான். வளர்த்த பாக்டீரியாவை டால்க் மாவில் கலந்து, நிழலில் உலர்த்தி, எடை போட்டு அடைப்பதுதான் எங்கள் வேலை. வாங்க வருபவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு புழுத்த காயோடு வருவார்கள். அப்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். புழுவைக் கண்டபிறகு இதை ஊற்றுவது, பிள்ளைக்கு அம்மை போட்ட பிறகு தடுப்பூசிக்கு ஓடுகிற மாதிரி.

இது புழுவைக் கொல்லும் மருந்து இல்லை. வேரில் குடியேறுகிற உயிர். செடி தன் இலையில் சமைக்கும் சர்க்கரையில் ஒரு பங்கை வேர் வழியாக மண்ணில் கசியவிடுகிறது. அதைச் சாப்பிட வருகிற கூட்டத்தில் ஒன்றுதான் இந்த சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ். அது வேரின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு பெருகும்போது, யாரோ வந்திருக்கிறார்கள் என்று செடிக்குத் தெரிந்துவிடும். அந்தச் சேதி வேரோடு நிற்காமல் இலை வரைக்கும் போகும். கொண்டுபோகிற பொருள்களில் முக்கியமானது ஜாஸ்மோனிக் அமிலம். இதன் நெருங்கிய சொந்தமான மீத்தைல் ஜாஸ்மோனேட்டை 1962இல் முதன்முதலாகப் பிரித்து எடுத்தது ஜாதிமல்லி எண்ணெயிலிருந்து. நாம் தலையில் வைத்துக்கொள்கிற அதே ஜாதிமல்லிதான். எனக்கு இதைச் சொல்லித்தந்த மேடம், சொல்லி முடித்ததும் தன் கொண்டையைத் தொட்டுக் காட்டினார். இருபது வருடம் ஆகியும் மறக்கவில்லை.

சரி, சேதி போய் என்ன ஆகும்? ஒரு புழு இலையைக் கடித்தால், அதன் வயிற்றில் புரதம் செரிக்காமல் தடுக்கும் பொருள்களைச் செடி சுரக்கும். எல்லாச் செடியும் இதைச் செய்யும். வேரில் பாக்டீரியா குடியிருக்கிற செடி கொஞ்சம் முந்திச் சுரக்கும், கூடுதலாகவும் சுரக்கும். தின்ற புழு அங்கேயே விழுந்து சாகாது. சரியாக வளராது, சோனியாகிவிடும், கூட்டுப்புழு ஆக நாளாகும். அந்த நாட்களில் குருவியோ குளவியோ சிலந்தியோ அதைப் பிடித்துவிட வாய்ப்பு அதிகம். இவ்வளவுதான் இது தரும் உதவி. இது பெரிய உதவி, ஆனால் முன்கூட்டியே செய்திருந்தால்தான் கிடைக்கும். அதுவும் இலையை மென்று தின்கிற புழுக்களிடம் ஓரளவு எடுபடுகிற மாதிரி, சாறு உறிஞ்சுகிற அசுவினி, வெள்ளை ஈயிடம் எடுபடாது. மாவுப்பூச்சிக்கு இதை ஊற்றிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

இப்போது உங்கள் கத்தரிக்கு வருவோம். அது குருத்து மற்றும் காய்த்துளைப்பான். அந்துப்பூச்சி ராத்திரியில் வந்து முட்டை வைக்கும். பொரிந்த புழு சில மணி நேரத்துக்குள் குருத்துக்குள் இறங்கி, வந்த வழியைத் தன் கழிவாலேயே அடைத்துக்கொள்ளும். நீங்கள் பார்த்த கறுப்புத் துகள் அதுதான். அதற்குப் பிறகு மேலே எதைத் தெளித்தாலும் உள்ளே இருப்பதன் மேல் படாது. கொளத்தூர் சொன்னது போல வெட்டுவதுதான் வழி. சாய்ந்த இடத்தில் வெட்டாமல், துளைக்கு ஓர் அங்குலம் கீழே, தண்டு உள்ளே பச்சையாகத் தெரிகிற வரை வெட்டுங்கள். வெட்டியதை மாடி மூலையில் போடவே கூடாது, சோப்புத் தண்ணீரில் அமுக்கிவிடுங்கள். மூலையில் போட்டால் புழு வெளியே வந்து கூட்டுப்புழு ஆகி, அடுத்த அந்துப்பூச்சி உங்கள் மாடியிலேயே பிறக்கும். இந்தப் பூச்சிக்கென்றே இனக்கவர்ச்சிப் பொறி கிடைக்கிறது, ஒன்று வாங்கித் தொங்கவிடுங்கள். ஆண் பூச்சிகள் அதில் விழும்.

வெள்ளைப் புழு வேறு கதை. முழுதாக மக்காத மாட்டெருவோடு முட்டையாக வந்திருக்கும், அல்லது வண்டு அந்த எருவைத் தேடி வந்து முட்டை வைத்திருக்கும். அதில் ஒன்றை எடுத்துத் தரையில் விட்டுப் பாருங்கள். மல்லாந்து, கால் மேலே இருக்க, முதுகாலேயே ஊர்ந்து போனால் அது மக்குகிற எருவைத் தின்கிற பூவண்டின் புழு, வேருக்குப் பெரிய கெடுதல் செய்யாது. உரக்குழியில் விட்டால் நல்ல உரம் போட்டுக் கொடுக்கும். காலை ஊன்றியோ பக்கவாட்டிலோ நகர்ந்தால் வேர் தின்னியாக இருக்கலாம், பொறுக்கிவிடுங்கள். பொறுக்கித் தீரவில்லை என்றால் மெட்டாரைசியம் என்கிற பச்சைப் பூஞ்சாணத்தை எருவில் கலந்து போடலாம்.

மாமனார் விஷயம். சூடோமோனாஸ் என்பது பேரினத்தின் பெயர், அதற்குள் பல வகைகள் உண்டு. ஆஸ்பத்திரியில் தொல்லை தருவது ஏருஜினோசா. நம் பாக்கெட்டில் இருப்பது ஃபுளோரசன்ஸ். இதற்கு 25 முதல் 30 டிகிரி சூடுதான் பிடிக்கும், நம் உடம்புச் சூட்டில் நன்றாக வளராது. ஆனாலும் டால்க் தூசி நெஞ்சுக்கு நல்லதில்லை. மூக்கை மூடிக்கொண்டு கரையுங்கள், கையைக் கழுவுங்கள், குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கிற பெரியவர் வீட்டில் இருந்தால் அவர் இதைத் தொட வேண்டாம்.

ஒன்று கேட்க வேண்டும். பாக்கெட்டில் தயாரித்த தேதி என்ன? கரைத்த தண்ணீர் குழாய்த் தண்ணீரா?

பெரம்பூர் மாடி | ஜூலை 9, மதியம் 1:20

அக்கா, ரொம்ப நன்றி. இவ்வளவு பொறுமையாக யாரும் சொன்னதில்லை. ஐந்து புழு மல்லாந்துதான் போயின! என் பெண் அவற்றுக்குப் பின்னாலேயே தவழ்ந்தாள். இரண்டு மட்டும் அப்படிப் போகவில்லை, அவற்றை எடுத்துவிட்டேன்.

பாக்கெட்டைப் பார்த்தேன். தயாரித்து பதினான்கு மாதம் ஆகிறது. காலாவதித் தேதி இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. மெட்ரோ வாட்டர் வந்ததும் பக்கெட்டில் பிடித்து உடனே கரைத்தேன். காலை 11 மணி இருக்கும்.

நங்கநல்லூர் நாற்றங்கால் | ஜூலை 9, மாலை 6:30

அப்படியென்றால் நீங்கள் ஊற்றியதில் பெரும்பாலும் வெறும் டால்க்தான் இருந்திருக்கும். இதில் உங்கள் தப்பு கொஞ்சம்தான். விற்றவர் தப்புதான் பெரிது.

ஃபுளோரசன்ஸ் வித்து உருவாக்காத பாக்டீரியா. பேசிலஸ் வகைகள் கெட்ட காலம் வந்தால் தங்களைச் சுற்றி கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு தூங்கிவிடும், மாதக்கணக்கில் தாங்கும். இதற்கு அந்த வசதி கிடையாது. பாக்கெட்டில் 1×10⁸ என்று போட்டிருப்பார்கள், ஒரு கிராமில் 10 கோடி உயிர் என்று அர்த்தம். அடைத்த அன்று அவ்வளவு இருக்கும். அப்புறம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். மூன்று நாலு மாதத்துக்கு உள்ளே இருக்கிற பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். போன மே மாதம் ஒரு கடையில் இதை மேற்கு வெயில் படுகிற கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்தார்கள். கையில் எடுத்தால் இட்லித் தட்டு மாதிரி சுட்டது. உள்ளே தள்ளி வையுங்கள் என்றேன். "பவுடர்தானே, என்ன ஆகும்?" என்றார் கடைக்காரர். உள்ளே உயிர் இருக்கிறது என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை.

அடுத்தது தண்ணீர். மெட்ரோ வாட்டரில் குளோரின் கலப்பதே பாக்டீரியாவைக் கொல்லத்தான். அது நம் பாக்டீரியா என்று பார்க்காது. அகலமான பாத்திரத்தில் பிடித்து ஒரு ராத்திரி திறந்து வைத்து, மறுநாள் சாயங்காலம் கரையுங்கள். 11 மணி வெயிலில் சென்னை மாடிப் பையின் மண் என்ன சூடு இருக்கும் என்று விரலை விட்டுப் பாருங்கள், தெரியும். வெயில் தாழ்ந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். தாமிரம் கலந்த பூஞ்சாணக் கொல்லி எதையும் அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. வெறும் தேங்காய் நார்க்கழிவில் இது பட்டினி கிடக்கும், மக்கிய எரு சேருங்கள்.

ஆடிப் பட்டம் வருகிறது. இருக்கிற செடிகளை விட்டுவிட்டு, அடுத்த ஈட்டுக்கு விதையிலிருந்தே ஆரம்பியுங்கள். கிலோ விதைக்கு 10 கிராம் என்பது வயல் கணக்கு. வீட்டில், உள்ளங்கையில் விதையை வைத்து, ஆறிய அரிசிக் கஞ்சி ஒரு சொட்டு, மாவு ஒரு சிட்டிகை, விரலால் உருட்டினால் ஒவ்வொரு விதைமேலும் திருநீறு பூசின மாதிரி வெள்ளை படரும். நிழலில் அரை மணி உலர்த்தி ஊன்றிவிடுங்கள். நாற்றை மாற்றி நடும்போது லிட்டருக்கு 10 கிராம் கரைசலில் வேர் முழுகும்படி அரை மணி நேரம் வையுங்கள். எல்லாவற்றையும்விட இந்த வேர் நனைப்புதான் முக்கியம் என்பேன். அந்த நேரம் வேரில் சின்னச் சின்னக் காயங்கள் இருக்கும், இடம் காலியாக இருக்கும். முதலில் போய் உட்காருகிறவருக்குத்தான் வீடு.

உத்திரமேரூர் வயக்காடு | ஜூலை 10, காலை 5:10

அக்கா சொல்வது நெல்லிலும் அப்படியேதான். நான் நாலு வருடமாக சம்பாவுக்கு இதைத்தான் செய்கிறேன். விதை நேர்த்தி, அப்புறம் நாற்றுக் கட்டுகளை நடவுக்கு முன் அரை மணி ஊறவைப்பது, நட்டு 30 நாளில் ஏக்கருக்கு ஒரு கிலோ, 20 கிலோ மக்கிய எருவில் கலந்து தூவுவது. நான் வாங்குவது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பிஎஃப்1 என்கிற சூடோமோனாஸ் ரகம். நான் ஆரம்பித்தது இலையுறைக் கருகல் நோய்க்காக. இலைச் சுருட்டுப் புழுவும் கொஞ்சம் அடங்கின மாதிரி இருக்கவே, வேளாண் அலுவலரிடம் கேட்டேன். பல்கலைக்கழகத்திலேயே இரண்டையும் சேர்த்துத்தான் ஆராய்ந்திருக்கிறார்கள் என்றார்.

புழு அடியோடு போகாது. என் வயலிலும் சுருண்ட இலை இருக்கும். பறவை உட்காரக் குச்சி நடுவதையும் விடவில்லை. தழைச்சத்தை அள்ளிப் போட்டால் எந்தப் பாக்டீரியாவாலும் காப்பாற்ற முடியாது, இலை கருகருவென்று இருந்தாலே புழு வந்துவிடும். மாடியில் இருப்பவர்கள் மீன் அமிலத்தை அடிக்கடி ஊற்றுகிறார்கள், அதையும் கொஞ்சம் குறைக்கலாம்.

தாம்பரம் மாணவன் | ஜூலை 10, இரவு 8:45

நான் தாவரவியல் இரண்டாம் ஆண்டு. வேர் பாக்டீரியாவே புழுவை நேரடியாகக் கொல்லும் என்று வகுப்பில் சொன்னார்கள். அக்கா செடியை எச்சரிக்கை மட்டும் செய்யும் என்கிறார்களே? அப்புறம் புழுவுக்குத் தெளிக்கிற பிடி (Bt) என்பதும் பாக்டீரியாதானே, அதைக் கத்தரிக்கு அடித்தால் பிடி கத்தரிக்காய் ஆகிவிடாதா என்று அம்மா கேட்கிறார்.

நங்கநல்லூர் நாற்றங்கால் | ஜூலை 11, காலை 6:20

தம்பி, வகுப்பில் சொன்னது சரிதான், நான் சொன்னதும் சரிதான். பாக்டீரியா வகை வேறு.

சுவிட்சர்லாந்தில் ஒரு புகையிலை வயல். கறுப்பு வேரழுகல் கிருமி மண்ணில் இருந்தும் செடிகள் தப்பித்தன. அந்த வேரிலிருந்து எடுத்த ஒரு சூடோமோனாஸுக்கு சிஎச்ஏ0 என்று பெயர் வைத்தார்கள். ரொம்ப நாள் அதையும் ஃபுளோரசன்ஸ் என்றே எழுதினார்கள், 2011இல் புரோட்டஜென்ஸ் என்று தனியாகப் பிரித்தார்கள். பூஞ்சாணத்தை அடக்குவது என்றே நினைத்திருந்த இந்த பாக்டீரியாவிடம் புழுவைக் கொல்லும் நஞ்சு ஒன்றும் இருக்கிறது என்று 2008இல் வெளிவந்தது. ஃபிட் நஞ்சு என்பார்கள். எனக்கு மெய்சிலிர்த்தது எதில் என்றால், வேரில் உட்கார்ந்திருக்கும்போது அந்த நஞ்சை அது தயாரிப்பதே இல்லை. புழுவின் ரத்தத்துக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் தயாரிக்கிறது. தான் எங்கே இருக்கிறோம் என்று ஒரு செல் உயிருக்குத் தெரிகிறது பாருங்கள்.

ஆனால் எல்லா சூடோமோனாஸிடமும் இந்த நஞ்சு கிடையாது. புரோட்டஜென்ஸ், குளோரோராஃபிஸ் என்ற இரண்டு வகைகளில்தான் பார்த்திருக்கிறார்கள். நம் கடைப் பாக்கெட்டை வாங்கிவிட்டு அதை எதிர்பார்க்கக் கூடாது. நியூசிலாந்தில் புல்லின் வேரைத் தின்கிற ஒரு வண்டுப் புழுவுக்கு செராஷியா என்ற பாக்டீரியாவை மண்ணில் விடுகிறார்கள். அது பிடித்த புழு இரண்டு மூன்று நாளில் தீனியை நிறுத்தி, குடல் காலியாகித் தேன் நிறத்துக்கு மாறும். அதுவும் அந்தப் புழுவுக்கு மட்டும். இந்த உலகத்தில் எல்லாம் அப்படித்தான், ஒரு பூட்டுக்கு ஒரு சாவி. பூச்சியின் பெயர் தெரியாமல் பாக்கெட் வாங்கினால் காசுதான் போகும்.

பிடி பற்றி அம்மாவிடம் சொல்லுங்கள்: தெளிப்பதால் செடியின் மரபணு மாறாது. பிடி என்பது பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்பதன் சுருக்கம், மண்ணில் இருக்கும் பாக்டீரியா. 1901இல் ஜப்பானில் செத்த பட்டுப்புழுவில் கண்டார்கள், 1911இல் ஜெர்மனியின் துரிங்கியாவில் மறுபடி கண்டு அந்த ஊர்ப் பெயரை வைத்தார்கள். இலையோடு சேர்த்துப் புழு அதைத் தின்றால், குடலின் காரத்தன்மையில் நஞ்சு கரைந்து குடலில் ஓட்டை போடும். நம் வயிற்றில் அமிலம், அதனால் அந்த வேலை நடக்காது. பிடி கத்தரி என்பது அந்த நஞ்சுக்கான மரபணுவையே செடிக்குள் வைத்தது. நம் நாட்டில் 2010இல் அதை நிறுத்தி வைத்துவிட்டார்கள். தெளிக்கிற பிடி வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும், சாயங்காலம் அடிக்க வேண்டும். முருங்கைக் கம்பளிப் புழு மாதிரி வெளியே இருந்து இலை தின்பவைக்கு நல்லது. குருத்துக்குள் போய்விட்ட கத்தரிப் புழுவுக்கு இதுவும் எட்டாது.

பெரம்பூர் மாடி | அக்டோபர் 18, இரவு 9:05

பழைய பதிவை மேலே கொண்டுவருகிறேன், நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஆடிப்பெருக்கு அன்று விதை ஊன்றினேன். செப்டம்பர் முதல் வாரம் எட்டு நாற்று நட்டேன். அக்கா சொன்ன மாதிரி புதுப் பாக்கெட், ராத்திரி முழுக்க திறந்து வைத்த தண்ணீர், சாயங்காலம் ஆறு மணி. ஐந்து நாற்றின் வேரை மட்டும் நனைத்தேன், மூன்றை வேண்டுமென்றே சும்மா நட்டுப் பைமேல் சிவப்பு நூல் கட்டினேன். விதைக்கு மாவு பூசவில்லை, பூசினால் வித்தியாசம் தெரியாது என்று விட்டுவிட்டேன். இன்றுவரை நனைத்த ஐந்தில் மொத்தம் நாலு குருத்து சாய்ந்திருக்கிறது, சிவப்பு நூல் மூன்றில் ஐந்து. சாய்ந்ததை அன்றன்றைக்கே வெட்டி சோப்புத் தண்ணீரில் போட்டேன். பொறியும் தொங்குகிறது. முதல் கத்தரிக்காயைப் போன வெள்ளிக்கிழமை பறித்தோம், உள்ளே சுத்தம்.

நங்கநல்லூர் நாற்றங்கால் | அக்டோபர் 19, காலை 6:10

தங்கச்சி, சிவப்பு நூல் கட்டின உங்கள் புத்தி எனக்கு ரொம்பப் பிடித்தது. எட்டுச் செடியை வைத்து இது பாக்டீரியாவின் வேலை என்று அடித்துச் சொல்ல முடியாது. பை இருக்கும் இடம், நிழல், பொறிக்கு எவ்வளவு பக்கம் என்று எத்தனையோ இருக்கின்றன. குருத்தை அன்றன்றைக்கு வெட்டியது பெரிய காரணமாக இருக்கலாம். தை வரை எண்ணிக்கையைக் குறித்து வாருங்கள், காய்ப் புழுவையும் தனியாக எண்ணுங்கள்.

மழை வரப்போகிறது. பையின் அடித்துளை அடைத்திருந்தால் இன்றைக்கே குச்சியால் குத்திவிடுங்கள். தண்ணீர் நின்றால் வேருக்கும் மூச்சு இல்லை, வேரில் இருப்பதற்கும் மூச்சு இல்லை. என்னிடம் மிளகாய் நாற்று பன்னிரண்டு இருக்கிறது, ஆறு உங்களுக்கு. ஞாயிறு சாயங்காலம் வர முடியுமா?

பெரம்பூர் மாடி | அக்டோபர் 19, காலை 7:30

வருகிறேன் அக்கா. துளைகளைக் குத்திவிட்டேன், இரண்டு பையில் அடைத்துத்தான் இருந்தது. நாற்றைச் சுற்ற ஈரத்துணி கொண்டு வருகிறேன். பாக்கெட் வீட்டில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், இருட்டில் வைத்திருக்கிறேன். தேதி ஆகஸ்ட். இந்த மிளகாய்க்கு அது போதுமா, புதிதாக வாங்கட்டுமா?

நங்கநல்லூர் நாற்றங்கால் | அக்டோபர் 19, காலை 7:42

போதும். ஞாயிற்றுக்கிழமைக்கே நட்டுவிடுங்கள், சனிக்கிழமை ராத்திரி தண்ணீரைத் திறந்து வைத்துவிட்டு வாருங்கள்.